காருக்கடியில் விரித்த அட்டை

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். "போய்ச் சேந்தவங்க மேல கோவப்படக் கூடாதுடி" என்கிறாள் அம்மா. அவளுக்கென்ன? காருக்கடியில் அட்டையை விரித்துவிட்டு, மறுநாள் காலையில் அதில் விழுந்த எண்ணெய்ச் சொட்டை முகர்ந்து பார்க்கும் மனிதருக்குப் பக்கத்தில் அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் அம்மாவின் தம்பி. வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே புனேவுக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மாமா இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். செய்து வருகிற பொருளை அளந்து, தட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்று, அத்தையும் போன பிறகு, வானவடியில் எங்கள் கட்டிடத்திலேயே கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பாட்டில் கண்டுபிடிக்கிற குறையும் எங்கள் வீட்டில்.

எதற்கும் முடிவு சொல்லமாட்டார். அதுதான் அவர். ஒரு வருஷம் வெயில் தாங்கவில்லை, ஹாலுக்கு ஒரு ஃபேன் வாங்கலாம் என்று அம்மா வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டாள். மாமா கடை கடையாக ஏறி இறங்கினார். இதில் காற்று நன்றாக வருகிறது, ஆனால் சத்தம். அதில் சத்தம் இல்லை, ஆனால் கம்பி அலுமினியமா தாமிரமா என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. அவர் விசாரித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "நல்லதாப் போச்சு, அடுத்த வெய்யிலுக்குள்ள ரேட் கொறையும்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோதும் இதே கதை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று அலைந்தார். பொறுக்கமாட்டாமல் நானே அவளைக் கூட்டிப் போய் ஆபரேஷன் முடித்து, பச்சைத் துணி கட்டிய கண்ணோடு அழைத்து வந்தேன். மாமா வாசலில் நின்று, "அதுக்குள்ளயா? இன்னும் ஒரு எடத்துல கேட்டிருக்கலாமே" என்றார்.

"பகூ" என்பது அவருடைய சொல். மராத்தியில் 'பார்ப்போம்' என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லாரும் நாளைக்கு நூறு தடவை சொல்கிறதுதான். ஆனால் மற்றவர்கள் பகூ சொன்னால் பிறகு ஒருநாள் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லிவிடுவார்கள். மாமா பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

சின்ன வயதில் நான் பார்த்த மாமா இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. அப்போது அவர் வாயில் எந்நேரமும் "பாஸ்!" என்ற சொல்தான். அம்மா சுட்ட முதல் தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் ஓங்கிக் குத்தி, "பாஸ்!" என்பார். என் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பார்த்து, பாஸ். தீபாவளிக்கு எடுத்த பாவாடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பாஸ். அந்த முஷ்டிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு எதுவும் முடிந்த மாதிரி இருக்கும். அந்தப் பழக்கம் எப்போது நின்றது என்று நான் யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்றதும் ஆளே மாறிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை விசாரித்துவிட்டு வந்தவரும் அவர்தான். எங்களில் தாய்மாமன் விசாரித்துச் சொன்னால்தான் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும். அந்தக் கல்யாணம் சில வருஷம்தான் ஓடியது. அந்த ஆளைப் பற்றி இங்கே எழுதி என் பேனாவை வீணாக்கப் போவதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான்.

இனி காருக்கு வருகிறேன்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒரு தடவை மேனேஜர் பதவி உயர்வு வந்தபோது, பொம்பளை வெளியூரில் போய் மேனேஜர் வேலை பார்த்துக் கிழிக்க வேண்டாம் என்று அந்த ஆள் சொன்னதால் எழுதிக் கொடுத்து மறுத்தேன். பல வருஷம் கழித்து அது மறுபடி வந்தது. சாஸ்வட் தாண்டி ஒரு கிராமத்துக் கிளை. ஹடப்சர் வழியாகப் போய் திவே காட் மலைப்பாதையை ஏறி இறங்கவேண்டும். சாஸ்வட் வரை பஸ் உண்டு, அதற்கு மேல் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. கார் இருந்தால் போகலாம், கார் இல்லாவிட்டால் முடியாது. இந்தத் தடவையும் மறுத்தால் அப்புறம் கேட்கவே மாட்டார்கள் என்று மேலதிகாரி ஜாடையாகச் சொல்லிவிட்டார். "வேணாம்னு எழுதிக் குடுத்துடேன், இங்கயே மகர்பட்டா பிராஞ்சுல நிம்மதியா இரு" என்று அம்மா தினமும் காப்பியோடு சேர்த்துக் கொடுத்தாள்.

ஆர்டர் கைக்கு வந்த வாரம்தான் என் கார் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. பழைய வண்டி, இரண்டாம் கையாக நானே பார்த்து வாங்கியது. காரை எடுத்தால் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். கராஜுக்குக் கொண்டு போனேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்குக் கீழே ஈரமாக இருந்ததைப் பார்த்து, "பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு மேடம், கியர்பாக்ஸை இறக்கணும், ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார்கள். நான் வேலையில் சேரவேண்டிய திங்கட்கிழமை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மாமா கீழே வந்தார். கையில் டார்ச், கழுத்தில் பழைய வேட்டித் துணி.

"சொட்டற எடத்தப் பாத்து முடிவு பண்ணாத பாப்பா. எண்ணெ மேலேர்ந்து வழிஞ்சும் அங்க வந்து சொட்டும். மேல மூடி இருக்கு பாரு, டேப்பட் கவர், அதோட பேக்கிங் காஞ்சு போயிருந்தாலும் இதே எடத்துலதான் சொட்டும்."

"அது மாத்தறது கஷ்டமா மாமா?"

"ஹட், அது அரை நாள் வேலை. இங்கயே மாத்திடலாம்."

"அப்ப அதுதானா?"

மாமா டார்ச்சை அணைத்தார். "பகூ. முதல்ல சுத்தமாத் துடைக்கணும். துடைச்சிட்டுப் பாப்போம்."

நம்பினேன். என்னைச் சொல்லவேண்டும்.

ஒரு சனிக்கிழமை முழுக்க டீசலும் பல் துலக்கும் பிரஷும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இன்ஜினைத் தேய்த்தோம். "எங்க வீட்டுப் பாத்திரம்கூட இவ்ளோ பளபளப்பா இல்ல" என்று அம்மா மேலேயிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து மாமா காருக்கடியில் விரித்தார். ஹடப்சர் வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினோம். காலையில் அட்டையில் இரண்டு சொட்டு. மாமா அட்டையை வெளியே இழுத்து, சொட்டைத் தொட்டு, விரல்களுக்கிடையில் தேய்த்து, முகர்ந்தார்.

"என்ன மாமா?"

"எண்ணெதான்."

"அது எனக்கே தெரியும் மாமா! எங்கேர்ந்து வருது?"

"பரவிடுச்சு. இப்ப சொல்ல முடியாது. மறுபடி துடைச்சிட்டுப் பாப்போம்."

மறுபடி துடைத்தோம். மறுபடி அட்டை. அடுத்த நாளும் அதே. நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருக்கு டார்ச் பிடித்தேன். நான்கு மாடிக்காரர்களும் லிஃப்டுக்குப் போகிற வழியில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் மாமா ஒரே பதில்தான் சொன்னார். நான் போகவேண்டிய திங்கட்கிழமை மட்டும் யாருக்காகவும் காத்திராமல் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இன்ஜின் மேல் வெள்ளையாக மாவைத் தூவிவிட்டு ஓட்டினால், எண்ணெய் ஊறுகிற இடம் மட்டும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். தொழிற்சாலையில் விரிசல் கண்டுபிடிக்க சாக்பீஸ் பொடியை அப்படித்தான் பூசுவார்களாம். "உங்கம்மா கிட்ட கோலமாவு இருக்கும், எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்து வந்தேன். அவர் கை நிறைய அள்ளி, இண்டு இடுக்கெல்லாம் ஊதி ஊதித் தூவினார். வாட்ச்மேன் ஓடி வந்து, "மேடம், காடி கி பூஜா ஹை க்யா?" என்று, வண்டிக்குப் பூஜை என்றே நினைத்துக் கைகூப்பிவிட்டுப் பிரசாதத்துக்கு நின்றார். ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால் அடை சுடுகிற வாசனை. மாவு எல்லா இடத்திலும் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊர்க் கடையில் விற்கிற கல்லுப்பொடி ரங்கோலியை அம்மா கோலமாவு என்று ஒப்புக்கொள்ளவே மாட்டாள். எறும்பு தின்னாத மாவில் போட்டால் அது கோலமே இல்லை என்பாள். எங்கள் வீட்டு டப்பாவில் இருந்தது சுத்தமான பச்சரிசி மாவு. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பரிசோதிக்கிற மாமா அந்த டப்பாவை மட்டும் பரிசோதிக்கவில்லை.

அன்று இரவே எலி வந்துவிட்டது. மாவைத் தின்றதோடு போயிருக்கலாம், ஒயரையும் கடித்து வைத்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சு விடவில்லை. பானெட்டைத் திறந்து, துண்டு துண்டாகக் கிடந்த ஒயரைப் பார்த்து மாமா சொன்னதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"எலிதானா, இல்ல வேற எதாவதான்னு..."

"மாமா!" என்று கத்தினேன். "புழுக்கை கெடக்கு மாமா! இன்னும் என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? எலி வந்து கையெழுத்துப் போடணுமா?"

அவர் ஒரு புழுக்கையை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைச் சேர்த்துக் கொடுக்க வாரத்தின் நடுப்பகுதி போய்விட்டது. சேரவேண்டிய திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை விடியற்காலையில், மாமா எழுந்து வருவதற்கு முன், நானே கீழே இறங்கினேன். வெந்த மாவைச் சுரண்டினேன். துடைத்தேன். வேர்க்குருப் பவுடரை எடுத்து இன்ஜின் பின்பக்கம் முழுக்கத் தட்டினேன். வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தேன்.

டேப்பட் கவரின் பின்மூலையில் பவுடர் மெதுவாகக் கறுத்தது. அங்கிருந்து ஒரு கோடு கீழே இறங்கியது, நெற்றி விபூதியில் வியர்வை இறங்குவது போல. நேராகப் போய், கராஜ்காரர்கள் கை காட்டிய அதே இடத்தில் சொட்டி நின்றது.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகு நேரம் குனிந்திருந்தார். "இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா? கண்ணு முன்னாடி வழியுதே மாமா. உங்களுக்கு முதல் நாளே தெரியும்ல?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா நான் அப்பவே மாத்தியிருப்பேன்ல!"

"சந்தேகத்த வெச்சு எப்படி பாப்பா சொல்றது?"

எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் நேரம் இல்லை. புது பேக்கிங் வாங்கி வந்தேன். கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கை எடுத்தால் அப்பளம் மாதிரி ஒடிந்தது. புதியதை உட்கார வைத்து, போல்ட்டுகளை மாமா ஒன்று மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வேலை என்று வந்துவிட்டால் அவர் கை அவ்வளவு அழகு. அதையும் சொல்லத்தான் வேண்டும். சாஸ்வட் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, புது அட்டை விரித்து நிறுத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையை இழுத்தேன். ஒரு சொட்டு இல்லை. கடையில் இருந்து வந்த மாதிரியே இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"பாத்தீங்களா? சொல்லுங்க மாமா. ஓகேவா?"

அவர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "பகூ. இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு... மலை ஏறணும்ல. சேர்ற தேதியத் தள்ளிப் போட முடியுமான்னு கேளேன்."

எனக்குள் இருந்த அத்தனையும் பொங்கிவிட்டது. எங்கே நிற்கிறேன், யார் கேட்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"தேதியத் தள்ளிப் போடறதா? ஒரு தடவ மறுத்து நான் பட்டது போதாதா? எல்லாருக்கும் நான் போகக் கூடாது. அம்மாவுக்குக் காப்பி, உங்களுக்கு அட்டை! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல என்ன மாமா கஷ்டம்? அந்தாளப் போய்ப் பாத்துட்டு வந்து எங்க வீட்டு டேபிள்ல குத்தி பாஸ்னு சொன்னீங்களே, அது மட்டும் டக்குனு வந்துச்சு. இந்த டப்பா காருக்குச் சொல்ல வாய் வரலியா?"

மாமா அட்டையை மடித்தார். மறுபடி மடித்தார்.

"அதனாலதான் வரல" என்றார்.

சொல்லிவிட்டுக் கீழ்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பார்க்கிங்கில் அப்படியே நின்றேன். டேபிளில் குத்தியதுதான் நான் கேட்ட கடைசி பாஸ். நான் பெட்டியோடு திரும்பி வந்த பிறகு ஒரு தோசைக்குக்கூட அவர் சொல்லிக் கேட்டதில்லை. இத்தனை வருஷமாகத் தினம் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அவர் மேல் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமாகவும் இருந்தது. அந்த ஆள் எல்லாரையும்தான் ஏமாற்றினான், என்னையும் சேர்த்து. அதற்கு இவர் ஏன் ஆயுசுக்கும் வாயைக் கட்டிக்கொள்ளவேண்டும்? கட்டிக்கொண்டதும் அல்லாமல் என் வண்டியையும் ஏன் கட்டிப் போடவேண்டும்? அன்று அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அம்மா தட்டில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் நான் இறங்கியபோது மாமா காருக்குப் பக்கத்தில் நின்றார். சலவைச் சட்டை, தோளில் துணிப்பை. பையிலிருந்து எண்ணெய் டப்பாவின் மூக்கு எட்டிப் பார்த்தது.

"நானும் வரேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. ஏறிக்கொண்டார். ஹடப்சர் நெரிசலைத் தாண்டினோம். மலைப்பாதை ஆரம்பித்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வெளியே வைத்துக்கொண்டார். முன்னால் ஒரு கரும்பு லாரி முக்கி முனகிக்கொண்டு ஏறியது. "அந்த வளைவுல ஓரமா நிறுத்து, ஒரு தடவ பாத்துடலாம்" என்றார். நிறுத்தவில்லை. அடுத்த வளைவிலும் சொன்னார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லாரியை முந்தினேன். எனக்குள்ளும் உதறல்தான். அவருக்குக் காட்டக் கூடாது என்று இருந்தேன்.

உச்சியில், டீக்கடைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் பானெட் திறந்திருந்தது. சூடு முகத்தில் அடிக்க, மாமா டார்ச்சோடு குனிந்தார். துணியைக் குச்சியில் சுற்றி, டேப்பட் கவரின் பின்மூலையில் விட்டுத் துடைத்து எடுத்துப் பார்த்தார். துணி வெள்ளையாக வந்தது. ரோட்டில் மண்டி போட்டு அடியிலும் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பானெட்டை இறக்கிச் சாத்தினார்.

அவர் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது வயதில், மேனேஜராகச் சேரப் போகிறவள், பள்ளிக்கூடப் பெண் மாதிரி அந்த முஷ்டிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நீ போ" என்றார்.

"நீங்க?"

"எதிர்ல பஸ் வரும், நான் போய்க்கிறேன். மொத நாளே லேட்டாப் போவாத. போ பாப்பா."

எண்ணெய் டப்பாவைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால், பஸ் வருகிற திசையைப் பார்க்காமல் என் வண்டி நின்றிருந்த தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அதே மலையை இறங்கி, வீட்டு வாசலில் திரும்பி, பார்க்கிங்குக்குள் நுழைந்தேன். என் இடத்தில் புத்தம் புது அட்டை விரித்திருந்தது. காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வேறு. மாமாவை வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே இறங்கிப் போய்க் கற்களை எடுத்து ஓரமாக வைத்தேன். மறுபடி ஏறி, இன்ஜின் சரியாக அட்டையின் நடுவில் வருகிற மாதிரி பார்த்து வண்டியை நிறுத்தினேன்.